ரூஜ் பக்கம் ஒரே ஒராள்

என் அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடியும். அது புதன்கிழமை. மற்ற நாட்களில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் கிழக்கோரமாக உள்ள ரூஜில் மகன் வாங்கிய புதிய வீட்டில், அவளுடைய வார்த்தையில் சொன்னால், பிரிட்ஜுக்குக் காவல். மகனும் மருமகளும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறவர்கள். பஸ் தரிப்பிடம் மேட்டுக்கு அந்தப் பக்கம். பனிக்காலத்தில் அந்த மேட்டை நானே பயந்து பயந்துதான் ஏறுவேன். அக்காவின் முழங்கால்கள் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டன. நகரசபை நடக்க ஏலாதவர்களுக்கு விடுகிற வாகனத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்தோம். அவளை நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் இன்னும் போதுமான அளவு பழுதாகவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் ஒரு வெள்ளை வான் வாசலுக்கு வரும். எதிர்வீட்டு அன்ரியையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வோபர்னில் ஒரு சமூக நிலையத்தின் பின்னறைக்குப் போகும். அங்கேதான் முதியோர் சங்கம். கதிரையில் இருந்தபடி தேகாப்பியாசம், பிறகு ஊர்ச் செய்தி, பிறகு எல்லோரும் கொண்டுவந்ததைப் பங்கிட்டுச் சாப்பாடு, பிறகு பின்னேரம் வரை முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம். அக்காவும் எதிர்வீட்டு அன்ரியும் சீட்டில் சோடி. அவர்களை வென்றவர்கள் குறைவு.

அந்த வானைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி இந்தக் கதையில் சுயநிர்ணயம் வரும், இறைமை வரும், ஒன்றியம் வரும், பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவ்வளவுக்கும் நடுவில் பெறுமதியான பொருள் என்று நான் கண்டது அந்த வான் ஒன்றைத்தான்.

வான் சங்கத்துக்குச் சொந்தமானதல்ல. ரொறொன்ரோவில் தமிழர்களுக்குச் சங்கம் வைக்கத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் தெரியாது. சங்கங்கள் கூடிப்போனதால் சங்கங்களுக்கெல்லாம் மேலே ஓர் ஒன்றியம் வைத்தார்கள். அரசாங்க உதவி ஒன்றியத்துக்கு வரும். ஒன்றியம் உறுப்புச் சங்கங்களுக்கு வான் விடும். உறுப்பினராக இல்லாத சங்கத்துக்கு வானும் இல்லை, சாரதியும் இல்லை.

எங்கள் பின்னறைச் சங்கத்தின் தலைவர் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்துச் சைவர். நெற்றி நிறையத் திருநீறு. சீட்டு மேசையில் அவரோடு சோடி சேர ஒருவரும் விரும்புவதில்லை. முன்னூற்றிநாலில், கையில் உள்ள சீட்டைப் பார்த்து இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்கவேண்டும். கேட்டதை எடுக்காவிட்டால் தோல்வி. தலைவர் கையில் ஒன்றுமில்லாமலே மற்றவரைவிடக் கூடக் கேட்பார். தோற்றதும் சோடியைக் குறை சொல்வார். வேறு ஆளில்லாமல் அவருக்கு எதிர்ப்புறம் சோடியாக எப்போதும் இன்னொருவர் இருப்பார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தலைவர் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேலே கேட்பதே அவருடைய ஆட்டம். இருவருமே தோற்பார்கள். நடுவில் அக்காவும் எதிர்வீட்டு அன்ரியும் சத்தம் போடாமல் வென்றுகொண்டிருப்பார்கள்.

நான் சில புதன்கிழமைகளில் வேலை முடிந்து வரும்போது அக்காவைப் பார்க்கச் சங்கத்துக்குப் போவதுண்டு. என் வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில். களைத்துப்போய் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று போனால் அங்கே ஸ்கொட்லாந்துக்கு விடுதலை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கற்றலோனியாவை ஸ்பெயினில் இருந்து கழற்றுவார்கள். மன்னார்க்காரர் யூரியூப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து வகுப்பெடுப்பார். ஆனால் கியூபெக் மட்டும் பிரியக்கூடாது. அதில் தலைவரும் மன்னார்க்காரரும் ஒரே கட்சி. ஏன் என்று கேட்டேன்.

"மொன்றியலிலை என்ரை மச்சான் இருக்கிறான். போய் வரக் கரைச்சல்" என்றார் தலைவர். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே வரவில்லை.

மன்னார்க்காரருக்கு ஒரு கோட்பாடு இருந்தது. "பிரியிறது எண்டா தனியப் போறதில்லைத் தம்பி. ஸ்கொட்லாந்துக்காரன் என்ன கேக்கிறான்? ஐரோப்பியர் கூடிக் கட்டின ஒன்றியத்துக்குள்ளை நேரடியாப் போய் இருக்கவேணும் எண்டு கேக்கிறான். நடுவிலை நிக்கிற ஆளைத்தான் வெட்டுறது. சின்னவன் பெரிய கூரைக்குக் கீழை போனா ஒருத்தரும் தொடமாட்டினம்."

அதாவது, வீட்டுக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்து, அந்த வீட்டுக்காரனும் பங்காளியாக இருக்கிற பெரிய வீட்டின் கதவைத் தட்டுவது. ஸ்கொட்லாந்துக்காரரிடம், நீங்கள் ஐக்கிய இராச்சியத்தில் இருந்து பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தையும் இழப்பீர்கள் என்று பயம் காட்டினார்கள். அவர்களும் பயந்து இருந்துவிட்டார்கள். சில வருடங்களில் இராச்சியமே அவர்களையும் இழுத்துக்கொண்டு ஒன்றியத்தை விட்டு வெளியே போனது. இதை நான் சொன்னபோது மன்னார்க்காரர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவனுக்குச் சர்வதேச அரசியல் எங்கே விளங்கப்போகிறது என்பது அந்தப் பார்வையின் பொருள்.

பிரிந்து போகக் கேட்கிறவர்கள் எல்லோரையும் நான் இகழ்வதாக யாரும் நினைக்கவேண்டாம். எங்களைக் கேட்கவைத்தது எது என்று எனக்குத் தெரியும். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. சுயநிர்ணயம், இறைமை என்ற வார்த்தைகளைப் பத்திரமாக விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே பின்னறையில் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

சங்கத்தின் சுவரில் தலைவர் ஒரு நாட்காட்டி தொங்கவிட்டிருந்தார். எந்தப் புதன் மச்சம் மாமிசம், எந்தப் புதன் மரக்கறி என்று அதில் குறித்திருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்தது. கந்தசஷ்டி, பிள்ளையார் கதை, நவராத்திரி எதுவும் தப்பாது. அந்தப் புதன்களில் சங்கத்தில் இருந்த கத்தோலிக்கர்களும் ஒரு முணுமுணுப்பில்லாமல் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துக்கொண்டு வருவார்கள். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்கும் நாள் எப்போதும் ஒரு புதன்கிழமை. திருநீற்றுப் புதன் என்பார்கள். அன்றைக்கு அவர்கள் மச்சம் தொடமாட்டார்கள். பஞ்சாங்கத்தில் அது இல்லை. ஆகவே நாட்காட்டியிலும் இல்லை. ஒரு வருடம் அந்தப் புதனில், பேரன் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட சந்தோஷத்தில் தலைவர் எல்லோருக்கும் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கொண்டுவந்து இறக்கினார். கத்தோலிக்கர்கள் காலைப் பூசை முடித்து நேரே வந்திருந்தார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பலால் குருசு. தன் நெற்றியில் மூன்று குறி சாம்பலோடு நின்ற தலைவருக்கு மற்றவர் நெற்றிச் சாம்பல் கண்ணில் படவில்லை. "என்ன, எல்லாரும் கை வைக்காமல் இருக்கிறியள்? நல்ல இளங் கிடாய்" என்று கறியை ஒவ்வொரு தட்டாகப் போட்டுக்கொண்டு போனார்.

அக்கா யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து மன்னார்க் கத்தோலிக்கரைக் கட்டியவள். அத்தான் இருந்த காலத்தில் அவரோடு மாதா கோயிலுக்குப் போவாள். வெள்ளிக்கிழமையில் வீட்டில் விளக்கும் வைப்பாள். அத்தான் போனபிறகும் திருநீற்றுப் புதனை அவருக்காக விட்டதில்லை. அன்றைக்கு அவளும் வெறும் புட்டைத் தின்றுவிட்டு வந்தாள்.

"மறந்துபோனன், குறை நினைக்காதேங்கோ எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோற அலுவல்" என்றாள் என்னிடம். "அந்த மனுசன் சொல்லேல்லை. அவையள்தான் முதலே சொல்லியிருக்கவேணுமாம்."

அங்கே தொடங்கியது. கத்தோலிக்கர்கள் நாட்காட்டியில் தங்கள் நாட்களையும் குறிக்கக் கேட்டார்கள். தலைவர், நாட்காட்டி எல்லோருக்கும் பொதுவானது, அதில் மதம் கலக்கக்கூடாது என்றார். பஞ்சாங்கத்தில் மதம் இல்லை போலும். மூலையில் தனி மேசை தருகிறேன், அதில் விரும்பியதை வைத்துச் சாப்பிடுங்கள் என்றார். மன்னார்க்காரர், மூலை மேசை அதிகாரப் பரவலாக்கம் அல்ல என்று எழுந்து நின்று பேசினார். கடைசியில் இரு பகுதியும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். திருநீற்றுப் புதனும், பெரிய வெள்ளி வருகிற பெரிய கிழமைப் புதனும் மரக்கறி. அதை எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள்.

அந்தப் பின்னேரமே தலைவருடைய ஆட்கள் வாகனத் தரிப்பிடத்தில் அவருடைய காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இன்றைக்கு இரண்டு நாள் கேட்பவர்கள் நாளைக்கு நாற்பது நாள் கேட்பார்கள் என்றார்கள். தலைவர் திரும்ப உள்ளே வந்து உடன்பாட்டைக் கிழித்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். கொழும்பில் எங்களோடு செய்த ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக எப்படிக் கிழித்தார்கள் என்று, ஒவ்வொரு வருடமும் மாவீரர் வாரத்தில் குரல் உடைந்து பேசுகிற அதே மனிதர்தான். அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அவையளுக்கு இஞ்சை என்ன குறை? ஒண்டுக்குள்ளை ஒண்டா இருந்த சனம். வெளியிலை இருந்து ஆரோ தூண்டிவிடுகினம்" என்றார் என்னிடம்.

"அண்ணை, இதை நீங்கள் முந்தி ஒருக்காவும் கேள்விப்படேல்லையோ?" என்று கேட்டேன்.

"எதை?" என்றார் உண்மையான வியப்போடு.

வசந்தகாலத்தில் மன்னார்க்காரர் தனிச் சங்கம் அறிவித்தார். அறிவித்த இடம் அதே சமூக நிலையத்தின் முன்னறை. அதே புதன்கிழமை. அதே நேரம். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். புதிய சங்கத்தின் முதற்கூட்டத்திலேயே யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர்கள், எல்லாப் பதவியும் மன்னாருக்கே போகிறது, துணைத் தலைவராவது எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். மன்னார்க்காரர் அவர்களைத் தகப்பன் மாதிரிப் பார்த்தார். "ஒண்டுக்குள்ளை ஒண்டா இருந்த சனம் நாங்கள். இதுக்குள்ளை பிரிச்சுப் பாக்கக் கூடாது" என்றார். நான் கதவடியில் நின்று கேட்டேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தானின் பெயரை வைத்துப் புதிய சங்கம் அவளைத் தன் உறுப்பினராக எழுதிக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டுப் பழைய சங்கம் அவள் பெயரை வெட்டிவிட்டது. ஒரு புதன்கிழமை பின்னறைக்குள் போய் வழக்கமான கதிரையில் இருக்கப்போனவளை, "அக்கா, நீங்கள் இப்ப அங்காலை" என்று ஒரு பெண் கையைப் பிடித்துச் சுவருக்கு மற்றப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். எதிர்வீட்டு அன்ரி கையில் சீட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாளாம். இருவரும் ஒரே வானில் வந்து, ஒரே கதவால் நுழைந்து, வேறு வேறு அறைக்குப் போனார்கள். திரும்பும்போது வானில் அன்றைய ஆட்டத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

"வான் வருகுதுதானே. அது காணும்" என்றாள் அக்கா.

வான் வந்தது தற்காலிகமாக. புதிய சங்கம் இன்னும் ஒன்றியத்தில் சேர்க்கப்படவில்லை. உறுப்புரிமை பற்றித் தீர்மானிக்கும்வரை பழைய ஓட்டம் தொடரட்டும் என்று ஒன்றியம் விட்டுவைத்திருந்தது. மன்னார்க்காரருக்கு அதில் ஐயமே இல்லை. நாங்கள் ஏற்கெனவே ஒன்றியத்துக்குள் இருந்தவர்கள், பிரிந்தாலும் உள்ளேதான் இருக்கிறோம் என்றார். கற்றலோனியாக்காரரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்.

முதற்பனி விழுந்த ஒரு சனிக்கிழமையில் ஒன்றியத்தின் கூட்டம் மிசிசாகாவில் கூடியது. புதிய சங்கத்தின் தூதுக்குழுவை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்னிடம் கார் இருந்தது, எனக்கு அந்த இடமும் தெரியும். முன் இருக்கையில் மன்னார்க்காரர், கோட்டும் கழுத்துப்பட்டியும். பின் இருக்கையில் அவருடைய செயலாளரும் அக்காவும்.

"அக்காவை ஏன் இந்தக் குளிருக்குள்ளை அலைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணமும் மன்னாரும், சைவமும் கத்தோலிக்க வேதமும் சேர்ந்த ஆள். எங்கடை சங்கம் எல்லாரையும் அணைக்கிற சங்கம் எண்டு ஒன்றியத்துக்குக் காட்டவேணும்" என்றார். அக்காவுக்கு அது மரியாதையாகப் பட்டதோ என்னவோ, நல்ல சேலை உடுத்து வந்திருந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு விருந்து மண்டபத்தின் மாடியறையில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு சின்னக் கொடி. எந்த நாட்டுக் கொடி என்று பார்த்தேன். ஒன்றியத்துக்கே ஒரு கொடி செய்திருந்தார்கள். ஒன்றியத் தலைவர் தன் வாழ்நாளில் ஒரு நாளும் வானுக்காகக் காத்து நின்றவரல்ல. சொந்தமாக வைத்திருந்த கார்களைப் பற்றிக் கதைத்தபடியே வந்து இருந்தார்.

மன்னார்க்காரர் நெடுநேரம் பேசினார். சிறு தேசங்களின் உரிமை, பெரிய கூரையின் நிழல், நடுவில் நிற்பவனின் அநியாயம். ஒன்றியத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணை, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி. ஆனா இருக்கிற உறுப்பினர் எல்லாரும் ஓம் எண்டால்தான் புது உறுப்பினர். ஐரோப்பாவிலையும் உதுதான் முறை. அதைப் பாத்துத்தான் நாங்களும் எழுதினாங்கள்" என்றார்.

இருக்கிற உறுப்பினர்களில் பழைய சங்கமும் ஒன்று. அதன் தலைவர் மேசையின் மறுமுனையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓம் என்று சொன்னால்தான் அவரிடமிருந்து பிரிந்தவர்களுக்கு இடம். அவருடைய முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு சாந்தம்.

கூச்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்த இருவரும் மாதக்கணக்காகத் துரோகி என்றும் பேரினவாதி என்றும் ஒருவரை ஒருவர் ஏசியவர்கள். ஒரே மேசையில் இருத்தி, பேச்சுவார்த்தை என்று பெயர் வைத்து, முன்னால் ஒரு கொடியும் நட்டுவிட்டால் போதும் போலிருக்கிறது. சம்பந்திகள் மாதிரிக் குழைந்துவிட்டார்கள். பழைய தலைவர் தன் பைக்குள் இருந்து ஸ்காபரோவின் வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார். நில அளவையாளர் அல்லவா. ஓய்வுபெற்ற காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு வேலை கிடைத்தது. தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்துவைத்து, அதன் ஓரம் பிடித்துப் பேனையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"மேற்கு உங்களுக்கு. வோபர்ன் முழுக்க எடுங்கோ. கிழக்கு எங்களுக்கு. உங்கடை வான் அங்காலை, எங்கடை வான் இஞ்சாலை. ஆளாளின்ரை இடத்துக்குள்ளை மற்றவை ஆள் ஏத்தக்கூடாது, நிலையத்து வாசல் மட்டும் பொது. அப்பிடியெண்டா நான் ஓம்."

மன்னார்க்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார். "கிழக்கிலை, ரூஜ் பக்கம் எங்களுக்கு ஒரே ஒராள்தான். விடலாம்" என்றார்.

அந்த ஒரே ஒராள் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, ரோல்ஸின் உறைப்புக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "அப்ப அந்த ஒராள் பழைய சங்கத்திலையே திரும்பச் சேர்ந்தால் என்ன?" என்று கேட்டேன். இரு தலைவர்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்கு அவர்கள் முழுமனதோடு உடன்பட்ட விடயம் அதுதான். ஒரு வருடத்துக்கு யாரும் சங்கம் மாறக்கூடாது. மாறவிட்டால் ஆளுக்காள் ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்களாம். உறுப்பினர் அல்லாதவர் வானில் ஏறவும் கூடாது. காப்புறுதிப் பிரச்சினை வருமாம்.

கைதட்டினார்கள். கையெழுத்து வைத்தார்கள். படம் எடுக்க எல்லோரையும் சுவரோரமாக நிறுத்தினார்கள். மூத்தவர் நடுவில் நிற்கவேண்டும் என்று ஒன்றியத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் பழைய தலைவர், மறு பக்கம் புதிய தலைவர், நடுவில் என் அக்கா. சின்னக் கொடி ஒன்றை அவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அவளும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்திலும் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. துப்பாமல் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் பனி தூறிக்கொண்டிருந்தது. மன்னார்க்காரர் வெற்றிக் களிப்பில் இருந்தார். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஒன்றியத்துக்குள் நுழைந்த கதையை, அந்த அறையில் இருந்த எங்களுக்கே திரும்பவும் சொன்னார். ஸ்கொட்லாந்துக்காரருக்கு முடியாமல்போனதை நாங்கள் செய்து காட்டியிருக்கிறோம் என்றார். செயலாளர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம் ஓம் என்றார்.

அக்கா பின் இருக்கையில் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை" என்றாள் பின்னால் இருந்து. தன்னைவிட இளையவரைத்தான் அப்படிக் கூப்பிட்டாள். "வாற புதன் என்னை ஆர் ஏத்துறது?"

செயலாளர் வெளியே பார்த்தார். மன்னார்க்காரர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"அது ஒரு பிரச்சினைதான் அக்கா. நல்ல கேள்வி. அடுத்த கட்டப் பேச்சுவார்த்தையிலை கட்டாயம் எடுப்பம்."

"அது எப்ப?"

"ஒரு வருசத்தாலை மீளாய்வு இருக்கு."

"ஓம்" என்றாள் அக்கா.

அந்தப் புதன்கிழமை நான் சுகமில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். வோபர்னுக்கு நானே ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னேன். அவள் வழக்கம்போல உடுத்து, தலை இழுத்து, சாப்பாட்டுப் பெட்டியும் கட்டி, முன் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஆனால் எழும்பவில்லை.

"இண்டைக்கு நீ ஏத்துவாய். அடுத்த புதன்? உன்னை வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவாங்கள். வேண்டாமடா."

வெள்ளை வான் வந்தது. வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான சாரதியோடு வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. எதிர்வீட்டு அன்ரி பனியில் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து ஏறினாள். ஏறி இருந்துவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அக்காவும் ஆட்டினாள். சாரதி எங்கள் பக்கம் பார்த்து, நான் என்ன செய்ய என்பதுபோல இரண்டு கையையும் விரித்தான். அவனுக்குப் பின்னால் இருந்த இருக்கைகளில் அன்ரியையும் இன்னொருவரையும் தவிர யாரும் இல்லை. அந்த வான் அங்கிருந்து போய் நிற்கப்போவது, புதிய சங்கத்து ஆட்களும் நுழைகிற அதே கதவின் முன்னால்தான்.

வான் மேட்டில் ஏறி மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையில் இருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தாள்.

"இரண்டு பேர் என்னண்டு விளையாடுறது?" என்றேன்.

அவள் நாலு பேருக்கு, கேட்பதற்கு முன் போடுகிறபடி நாலு நாலு சீட்டாகப் போட்டாள். எனக்கு ஒரு கை, தனக்கு ஒரு கை. மற்ற இரண்டையும் ஆளில்லாத பக்கங்களில் கவிழ்த்து வைத்தாள்.

"உது பழைய தலைவற்றை. உது புதுத் தலைவற்றை" என்றாள். பிறகு இரண்டையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். ஏழும் எட்டும், ஒரு இராசாத்தி. கேட்க வழியில்லாத சீட்டு.

"ரெண்டு கையிலையும் ஒண்டுமில்லை" என்றேன் நான்.

"ஒண்டுமில்லைத்தான்" என்றாள் அக்கா. "ஆனாலும் ரெண்டு பேரும் கேட்டிருப்பினம். தோத்தாப்போலை அவைக்கு என்ன, வீட்டிலை இருக்கிறது நான்தானே."